தீவகத்துப் பற்றைக் காணிகளைத் திருத்துதற்குச் சங்கிலி வாளைத் தெரிவுசெய்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே அமைந்த வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய இடங்களில் மானாவாரி நெல்லும், கிணற்று நீரைக் கொண்டு காய்கறிப் பயிர்களும் தொன்றுதொட்டுச் செய்கை பண்ணப்பட்டு வருகின்றன. 1990 ஆம், 1991 ஆம் ஆண்டுகளின் போர்ச் சூழலில் பெருந்தொகையான குடும்பங்கள் ஊரைவிட்டு அகன்றமையால், வயல்களும் தோட்டங்களும் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. முட்செடிகளும் நாயுண்ணியும் வடலியும் அவற்றில் மண்டின. 2009 ஆம் ஆண்டில் போர் முடிவுற்ற பின்னர் திரும்பிய கமக்காரர் பலர் முதலில் எதிர்கொண்ட வேலை, இப்பற்றைகளை நீக்கிக் காணியை மீண்டும் கொத்தக்கூடிய நிலைக்குக் கொண்டுவருதலேயாகும். இன்றும் அவ்வேலை முற்றுப்பெறாத காணிகள் உண்டு.

கத்தியும் கோடரியும் கொண்டு செய்யும் இவ்வேலைக்குக் கூலியாட்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆகவே, பேச்சு வழக்கில் செயின் சோ எனப்படும் சங்கிலி வாளை வாங்கக் கமக்காரர் பலரும் விரும்புகின்றனர். பெரிய வாள் விரைவில் வேலையை முடிக்கும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இது சரியன்று. காணியில் நிற்கும் மரத்துக்கும் பிடிப்பவரின் உடல் வலிமைக்கும் பொருந்தாத வாள், பணத்தை வீணாக்குவதோடு கை, கால், உயிர் ஆகியவற்றுக்கும் கேடு விளைவிக்கும். வாளைத் தெரிவுசெய்யுமுன் காணியைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும் என்பதே இத்துண்டுப் பிரசுரத்தின் கருத்தாகும்.

காணியை முதலில் நடந்து பார்த்தல்

நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்த காணி, வெடிபொருள் அற்றது என உரிய முறையில் விடுவிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு உறுதிப்படுத்திய பின்னரே பற்றைக்குள் கால் வைத்தல் வேண்டும். ஐயத்துக்குரிய பொருள் காணப்படின் அதனைத் தொடாது, வந்த வழியே திரும்பிப் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும்.

அடுத்து, எல்லைகளைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். தீவகத்துக் காணிகள் பல பங்குக் காணிகள்; உரித்தாளர் சிலர் வெளிநாடுகளில் வாழ்கின்றனர். வேலியில் நிற்கும் பூவரசும் எல்லையில் நிற்கும் பனையும் யாருக்குரியன என்பதை அயலவருடனும் பங்குதாரருடனும் பேசித் தீர்த்துக்கொள்ளாமல் வெட்டினால், மரத்தின் பெறுமதியிலும் பன்மடங்கு பணம் வழக்கிற் செலவாகும்.

சட்டத்தையும் கவனித்தல் வேண்டும். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியிலும் அனுமதியின்றி வெட்டலாகாது. பனை எதுவாயினும் வெட்டுமுன் பிரதேச செயலகத்தில் விசாரித்தல் நன்று. கடலோரக் கண்டல் மரங்களில் வாள் வைத்தல் கூடாது. நெடுந்தீவில் ஏறத்தாழ 1,846 ஹெக்டயர் நிலம் 2015 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்குள்ள கமக்காரர் தம் காணி அதன் எல்லைக்கு வெளியே உள்ளதா என்பதையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பின்னர் நிறுத்த வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பாற் குறியிடல் வேண்டும். வைகாசி முதல் வீசும் சோழகக் காற்று தீவகத்தில் தடையின்றிப் பாய்ந்து, மண்ணின் ஈரத்தை உலர்த்தி, கடலின் உப்புத் துளிகளைப் பயிரின்மேல் தூவும். மேற்கு, தென்மேற்கு எல்லைகளில் நிற்கும் பனை வரிசையும் பூவரசு வேலியும் இதனைத் தணிக்கின்றன. அவற்றை அழித்துவிட்டுக் கத்தரியும் மிளகாயும் நட்டவர், பின்னர் கிடுகு கட்டி மறைக்க நேரிடும். குளக்கரையிலும் கிணற்றருகிலும் நிற்கும் நிழல் மரங்களையும் காத்தல் நன்று. பூவரசும் கிளுவையும் பசுந்தாட் பசளையும் தருவன.

குறியிடப்படாது எஞ்சியவற்றை மட்டும் எண்ணி, நிலமட்டத்திலிருந்து முழங்கால் உயரத்தில் ஒவ்வொன்றினதும் குறுக்களவை அளந்து எழுதிக்கொள்ளுதல் வேண்டும். இக்கணக்கே வாளைத் தெரிவுசெய்தற்கு அடிப்படையாகும்.

சங்கிலி வாள் செய்யும் வேலையும் செய்யாத வேலையும்

அலகு எனப்படும் நீண்ட தகட்டின் விளிம்பைச் சுற்றி, வெட்டும் பற்கள் கொண்ட சங்கிலி ஒன்று செக்கனுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் வேகத்தில் ஓடுவதே இவ்வாளின் அமைப்பு. கடைகளில் இவ்வலகைப் பார் என்பர். இன்றைய சங்கிலியின் பல் அமைப்பை 1947 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியவர் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ கொக்ஸ் என்னும் மரவெட்டியாவார். மரத்தைக் குடையும் வண்டின் புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தைச் சீவிச் செல்வதைக் கண்டு அவர் இதனை அமைத்தார். ஆகவே இவ்வாள் மரத்தை அராவுவதன்று, சீவுவது. சீவும் கூர்முனை மழுங்கினால் எத்துணை வலுவுள்ள இயந்திரமும் பயன் தராது.

விரல் பருமனும் கைப்பருமனும் உள்ள முட்செடிகளுக்குச் சங்கிலி வாள் ஏற்றதன்று. மெல்லிய தண்டுகள் சங்கிலியில் அகப்பட்டு இழுபட்டு, பிடித்திருப்பவரின் முகத்தில் அடிக்கும், சங்கிலியும் கழன்றுவிடும். இவற்றைக் கொக்கத்தடியாலும் காட்டுக்கத்தியாலும் அல்லது பற்றை வெட்டும் இயந்திரத்தாலும் முன்னரே நீக்குதல் வேண்டும்.

வேரை அகற்றும் வேலையையும் இவ்வாள் செய்யாது. தீவகத்தில் மண் ஆழம் குறைவு. அதன்கீழ் சுண்ணக்கல் உண்டு. வேர்கள் கல்லின் பிளவுகளுட் சென்றிருக்கும். மரத்தை நிலத்தோடு ஒட்ட அறுத்தால் சங்கிலி மண்ணிற் பட்டு மழுங்கும். கட்டையை நெம்புதற்குப் பிடியும் இராது. முழங்கால் உயரத்தில் அறுத்து, சுற்றிலும் வெட்டிப் பக்க வேர்களைக் கோடரியால் அறுத்து, அலவாங்கினால் நெம்புதலே எளிது. வேருடன் அகற்றாத கட்டைகள் பல மாரிமழையில் மீண்டும் துளிர்க்கும்.

அலகின் நீளமும் இயந்திரத்தின் வலுவும்

அடிக்கடி அறுக்க வேண்டிய மரத்தின் குறுக்களவிலும் சிறிது நீளமான அலகு போதுமானது. காணியில் நிற்கும் மிகப் பெரிய ஒரு மரத்தை நோக்கி வாளைத் தெரிவுசெய்தல் தவறாகும். பொதுவான அளவுகள் பின்வருமாறு:

12 முதல் 14 அங்குல அலகு, 30 முதல் 40 சிசி வரையான இயந்திரம்: கிளைகள், வேலி மரங்கள், 25 சென்ரிமீற்றர் வரையான அடிமரங்கள்.

16 முதல் 18 அங்குல அலகு, 40 முதல் 55 சிசி வரையான இயந்திரம்: 35 சென்ரிமீற்றர் வரையான மரங்கள், விழுந்து கிடக்கும் பனை.

20 அங்குலமும் அதற்கு மேலும், 60 சிசியும் அதற்கு மேலும்: பெரிய புளி, ஆல், வேம்பு. இது மரவெட்டுதலைத் தொழிலாகக் கொண்டோர்க்குரியது.

சிறிய இயந்திரத்தில் நீண்ட அலகைப் பூட்டுதல் கூடாது. சங்கிலி மெதுவாக ஓடி, அலகு சூடேறி, இயந்திரம் விரைவில் தேயும். நீண்ட அலகின் நுனி எங்கே படுகின்றது என்பதும் பற்றைக்குள் தெரியாது.

எடையும் முக்கியமானது. அலகும் எரிபொருளும் இல்லாத நிலையில் சிறிய வாள் ஏறத்தாழ 4 கிலோகிராமும், நடுத்தர வாள் ஏறத்தாழ 5 கிலோகிராமும், பெரியது 6 கிலோகிராமுக்கு மேலும் இருக்கும். கடையில் ஒரு நிமிடம் தூக்கிப் பார்ப்பது வேறு. சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் குனிந்து பிடிப்பது வேறு. கை சோர்ந்த வேளையிலேயே விபத்து நேர்கின்றது.

ஓர் உதாரணம்

வேலணையில் அரை ஏக்கர்க் காணியொன்றைத் திருத்த விரும்பும் கமக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முட்பற்றையைக் கத்தியால் நீக்கிய பின்னர் அவர் அளந்து கண்டவை: 15 சென்ரிமீற்றருக்குட்பட்ட மரங்கள் 30, 15 முதல் 30 சென்ரிமீற்றர் வரையானவை 8, பட்டுப்போன பனைகள் 2, பழைய வேம்பு 1, அதன் குறுக்களவு 60 சென்ரிமீற்றர்.

வேம்பை நோக்கினால் 24 அங்குல அலகுடைய பெரிய வாளே வேண்டும் எனத் தோன்றும். ஆனால் அறுக்க வேண்டிய 41 மரங்களில் 38 மரங்கள் 30 சென்ரிமீற்றருக்கு உட்பட்டவை. அவற்றுக்கு 16 அங்குல அலகும் 45 சிசி அளவான இயந்திரமும் போதும். வேம்பைக் கிளை கழித்து நிழலுக்கு நிறுத்தலாம். பனைகளுக்கு அனுமதி பெற்று, அவற்றை விழுத்துதற்கு மட்டும் அனுபவம் வாய்ந்த தொழிலாளியை ஒரு நாள் அமர்த்தலாம். இவ்வாறு கணக்கிட்டவர் பாரம் குறைந்த வாளோடு மிச்சப் பணத்தையும் பெறுவார். அப்பணம் தலைக்கவசத்துக்கும் காலுறைக்கும் உதவும்.

பெற்றோல் வாளா, மின் வாளா?

மின்கம்பியில் இணைத்து இயக்கும் வாள் வீட்டு வளவுக்கு ஏற்றது. வயல் வெளிக்கு ஏற்றதன்று. மின்கலத்தில் இயங்கும் வாள் ஓசை குறைந்தது, புகையற்றது, தொடக்குதற்கு எளிது. கிளை கழித்தற்கும் வேலி திருத்துதற்கும் நன்று. ஆயினும் தடித்த மரங்களை அறுக்கும்போது மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். நெடுந்தீவும் நயினாதீவும் தேசிய மின்தொகுதியுடன் இணைக்கப்படாத தீவுகளாதலால், மாற்று மின்கலமும் மின்னேற்றும் நேரமும் முன்கூட்டியே சிந்திக்கத்தக்கவை.

காணி திருத்துதற்குப் பெரும்பாலும் பெற்றோல் வாளே பயன்படுகின்றது. இதன் இயந்திரத்துக்குப் பெற்றோலுடன் இருவீச்சு எண்ணெயைக் கலத்தல் வேண்டும். வாளுடன் வரும் கைந்நூல் 50 க்கு 1 எனக் கூறின், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய். 25 க்கு 1 எனக் கூறின் 40 மில்லிலீற்றர். கண்ணளவாக ஊற்றுதல் இயந்திரத்தைக் கெடுக்கும். எண்ணெய் கலவாத பெற்றோலை ஊற்றினால் இயந்திரம் சில நிமிடங்களில் இறுகிவிடும்.

சங்கிலியைத் தெரிவுசெய்தல்

தீவகத்தில் சங்கிலிக்குப் பகை மூன்று: காற்றினால் பட்டைக்குள் அடிக்கப்பட்ட மணல், வேலிகளிலுள்ள முருகைக்கல், மரத்துள் மறைந்த இரும்பு. பழைய வேலி மரங்கள் முட்கம்பியையும் ஆணியையும் விழுங்கி வளர்ந்திருக்கும். போர் நிகழ்ந்த இடங்களில் பனை மரங்களுள் ரவையும் எறிகணைச் சிதறலும் புதைந்திருத்தல் உண்டு. பட்டையில் வடு, வீக்கம், கருநிறக் கறை ஆகியன உள்ள இடத்தை விலக்கி, ஓரடி மேலாகவோ கீழாகவோ அறுத்தல் வேண்டும்.

சங்கிலிப் பற்களில் மூலை கூரானவை, மூலை வளைந்தவை என இரு வகை உண்டு. மூலை கூரானது தூய மரத்தில் விரைவாக வெட்டும். மணல் பட்டவுடன் மழுங்கும். மூலை வளைந்தது சிறிது மெதுவாக வெட்டினும் நெடுநேரம் கூர் நிற்கும். தீவகத்துக்கு ஏற்றது இரண்டாவது வகையே. பனையின் வெளிப்புறத்து வைரம் கருநார் செறிந்தது. அது சங்கிலியை விரைவில் மழுக்கும். ஆகவே பனை அறுப்போர் மாற்றுச் சங்கிலி ஒன்றை உடன் வைத்திருத்தல் வேண்டும்.

வாளிலிருந்து சீவல் வராது மெல்லிய தூள் வந்தால், அல்லது வாளை அழுத்தினாலன்றி வெட்டாதாயின், சங்கிலி மழுங்கிவிட்டது என அறிக. சங்கிலியின் அளவுக்குரிய வட்ட அரத்தைக் கடையிற் கேட்டு வாங்குதல் வேண்டும். 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர் அரமும், சிறிய வாள்களில் உள்ள தாழ்ந்த 3/8 அங்குலச் சங்கிலிக்கு 4 மில்லிமீற்றர் அரமும் பொதுவாகப் பயன்படும். ஒவ்வொரு பல்லையும் ஒரே சாய்வில், ஒரே எண்ணிக்கையான இழுப்புகளால் தீட்டுதல் வேண்டும்.

இருக்க வேண்டிய பாதுகாப்பு உறுப்புகள்

அலகு நுனியின் மேற்பாதி மரத்திலோ கல்லிலோ பட்டால், வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கித் திருப்பி எறியப்படும். இதனைத் தடுக்க எந்தக் கை வலிமையும் போதாது. ஆகவே பின்வரும் உறுப்புகள் இல்லாத வாளை, விலை எத்துணை குறைவாயினும், வாங்குதல் கூடாது:

1. முன் கைக்காப்புடன் இணைந்த சங்கிலித் தடை.

2. உள்ளங்கை அழுத்தினாலன்றி வேக விசை இயங்காதவாறு தடுக்கும் பூட்டு.

3. அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொளுக்கி.

4. பின் கைப்பிடியின் கீழ் அகன்ற கைக்காப்பு.

5. அதிர்வைத் தாங்கும் சுருள்வில்லோ இறப்பரோ.

6. விரலால் எட்டக்கூடிய நிறுத்தும் ஆளி.

வாளின் விலையோடு தலைக்கவசம், கண்காப்பு, செவிக்காப்பு, வெட்டுத் தாங்கும் காலுறை, கடினமான சப்பாத்து ஆகியவற்றின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும். சாரத்தோடும் செருப்போடும் இவ்வாளைப் பிடித்தல் பேராபத்து. இயந்திரத்தின் ஓசை 100 டெசிபெலுக்கு மேற்பட்டது. செவிக்காப்பின்றி வேலை செய்தால் கேள்விப்புலன் நிலையாகக் குன்றும்.

கடையிற் சோதித்தல்

வாளைக் கடையிலேயே தொடக்கிப் பார்த்தல் வேண்டும். இயந்திரம் மெதுவாக ஓடும்போது சங்கிலி அசையாது நிற்றல் வேண்டும். சங்கிலித் தடையை முன்னே தள்ளியதும் சங்கிலி உடனே நிற்றல் வேண்டும். அலகு நுனியை வெள்ளைத் தாளொன்றின் அருகே, அதிற் படாதவாறு பிடித்து வேகத்தைக் கூட்டினால், தாளில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாதாயின் சங்கிலிக்கு எண்ணெய் செல்லவில்லை என்பது பொருள். பழைய வாளாயின் அலகின் தவாளிப்பும் சங்கிலியை ஓட்டும் பற்சில்லும் தேய்ந்துள்ளனவா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

எந்தக் கம்பனியின் வாள் என்பதிலும், அதன் சங்கிலி, தீப்பொறிச் செருகி, வடிகட்டி ஆகியன யாழ்ப்பாண நகரில் கிடைக்குமா, அங்கு அதனைத் திருத்துவோர் உளரா என்பதே பெரிது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உள்ளவர் ஒரு சிறு செருகிக்காகவும் குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து நகரம் செல்ல வேண்டியவர். சங்கிலி ஒன்று, செருகி ஒன்று, வடிகட்டி ஒன்று, அரம் இரண்டு ஆகியவற்றை வாளுடனேயே வாங்கி வைத்தல் நன்று.

2019 ஆம் ஆண்டில் அரசாங்கம் சங்கிலி வாள்களைப் பதிவு செய்தலைக் கட்டாயமாக்கியது. வாங்குமுன் அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்தில் நடைமுறையை விசாரித்து, பற்றுச்சீட்டையும் இயந்திர இலக்கத்தையும் பேணுதல் வேண்டும். பதிவற்ற பழைய வாளை வாங்குதல் தொல்லையில் முடியும்.

தனியே வாங்குதலும் கூட்டாக வாங்குதலும்

ஒருமுறை காணி திருத்துதற்கு மட்டும் வாள் தேவைப்படுமாயின், வாளோடு தொழிலாளியைக் கூலிக்கு அமர்த்துதலே சிக்கனம். ஆண்டுதோறும் வேலி திருத்துதலும் விறகு தறித்தலும் உள்ளவர் சிறிய வாளொன்றை வாங்கலாம். அயலவர் சிலர் கூட்டாக வாங்குதலும் நன்றே. ஆயின் கூட்டு வாளுக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். பயிற்சி பெற்ற ஓரிருவரே அதனை இயக்குதல் வேண்டும்.

எண்ணெயும் கிணறும்

சங்கிலிக்கு இடும் எண்ணெய் முழுவதும் ஈற்றில் நிலத்திலேயே சிந்துகின்றது. சுண்ணக்கற் பாறையினூடே எண்ணெய் எளிதில் நிலத்தடி நீரைச் சேரும். குடாநாட்டில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில் 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தமையைக் கமக்காரர் அறிவர். தீவகத்தில் நன்னீர்க் கிணறுகள் சிலவே. ஆகவே வாகனங்களிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைச் சங்கிலிக்கு ஊற்றுதல் கூடாது. எரிபொருள் நிரப்புதலைக் கிணற்றுக்கும் குளத்துக்கும் தொலைவில், இயந்திரம் ஆறிய பின்னர், சாக்கு விரித்துச் செய்தல் வேண்டும். உப்புக் காற்றில் சங்கிலி விரைவில் துருப்பிடிக்குமாதலால், வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசி உறையிட்டு வைத்தல் வேண்டும்.

வேலைக்குரிய காலமும் முறையும்

காலபோக நெல் அறுவடைக்குப் பின், மாசி முதல் சித்திரை வரையான காலம் இவ்வேலைக்கு உகந்தது. நிலம் உலர்ந்திருக்கும், காற்றும் தணிந்திருக்கும். சோழகம் தொடங்கிய பின் நிற்கும் மரத்தை அறுத்தல் ஆபத்து. காற்று மரத்தை எண்ணாத பக்கம் சாய்க்கும்.

தனியாக ஒருவர் இவ்வேலையைச் செய்தல் ஆகாது. உதவியாள் ஒருவர் குரலெட்டும் தொலைவில் நிற்க, ஏனையோர் மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவுக்கு அப்பால் நிற்றல் வேண்டும். விழும் பக்கத்தில் மரத்தின் குறுக்களவில் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி, பின்னர் எதிர்ப்பக்கத்தில் அதன் அடியிலும் சிறிது மேலாக அறுத்தல் வேண்டும். இடையில் குறுக்களவின் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விடுதல் வேண்டும். மரம் சாயும்போது அதுவே கீல் போல் நின்று வழிகாட்டும். பனையில் வெளிப்புறம் வைரமும் உட்புறம் மென்மையான சோறுமாதலால் இக்கீல் நம்பத்தக்கதன்று. ஆகவே நிற்கும் பனையை விழுத்துதலைப் பழகியவரிடமே விட்டு, விழுந்த பனையைத் துண்டு போடுதலை மட்டும் புதியவர் செய்தல் வேண்டும். வாளை இரு கைகளாலும் பிடித்தலும், தோளுக்கு மேல் உயர்த்தாதிருத்தலும், ஏணியில் நின்று அறுக்காதிருத்தலும் எக்காலத்தும் மாறாத விதிகளாகும்.

முடிவு

காணியை நடந்து பார்த்து, நிறுத்த வேண்டியவற்றைக் குறித்து, அறுக்க வேண்டியவற்றை அளந்தவர், தமக்கு வேண்டிய வாள் பெரும்பாலும் தாம் எண்ணியதிலும் சிறியது என்பதைக் காண்பார். தீவகக் காணிகளுள் பெரும்பாலானவற்றுக்கு 16 அங்குல அலகும், மூலை வளைந்த பல்லுள்ள சங்கிலியும், குறைவற்ற பாதுகாப்பு உறுப்புகளும், யாழ்ப்பாணத்தில் உதிரிப்பாகமும் உள்ள நடுத்தர வாள் போதுமானது. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதிக் கமநல சேவை நிலையத்தையோ விவசாயப் போதனாசிரியரையோ அணுகிக் கேட்டறிதல் நலம்.